கலைக்கப்படாத 'பி' கம்பெனி

இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்ட் 16 அன்று, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூகினித் தீவின் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரில் இருக்கும் இசுராவா என்ற சிற்றூருக்கு நடந்தே வந்து, ஆஸ்திரேலியாவின் 39ஆம் பட்டாலியன் என்ற காலாட்படைப் பிரிவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார் லெப்டினன்ட் கர்னல் ரால்ஃப் ஹானர். அதன் உட்பிரிவுகளில் ஒன்றான 'பி' கம்பெனியைக் கோழைகள் என்று கருதிக் கலைத்துவிடலாம் என்பது, அதுவரை பொறுப்பு வகித்த அதிகாரி அவருக்குத் தந்த ஆலோசனை. ஹானர் அதை ஏற்கவில்லை. தாக்குதல் கடுமையாக வரக்கூடிய இடது பக்க மேட்டை, அதே கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவருடைய ராணுவ வாழ்க்கை முழுவதிலும் இதைவிடப் பெரிய முடிவு இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜூலை 21 அன்று ஜப்பானியப் படை தீவின் வடகரையில் இறங்கியபின் அதை முதலில் எதிர்கொண்டவர்களில் இந்தக் கம்பெனியினரும் இருந்தார்கள். ஒய்வி என்ற இடத்தில் தங்கள் கேப்டன் சாம் டெம்பிள்டனை இழந்தார்கள். சில நாட்களிலேயே பட்டாலியன் தலைவர் ஓவனும் கொக்கோடாவில் கொல்லப்பட்டார். நாட்டைக் காப்பதற்கெனத் திரட்டப்பட்ட மிலிஷியா இளைஞர்களான இவர்களை, போரின் சூட்டில் உருகிவிடுவார்கள் என்ற பொருளில் 'சாக்லேட் சிப்பாய்கள்' என்று மற்ற படையினர் ஏளனம் செய்துவந்தனர். பசியோடும் காய்ச்சலோடும் வாரக்கணக்கில் பின்வாங்கியபடியே போரிட்டவர்களைக் கோழைகள் என்று கருதுவது எவ்வளவு பெரிய அநீதி! அந்த நேரத்தில் கம்பெனியைக் கலைத்திருந்தால், அந்த இளைஞர்கள் வாழ்நாள் முழுவதும் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்.

ஹானருக்கு இது புரிந்ததற்கு அவர் வந்த வழியும் காரணமாக இருக்க வேண்டும். 1904இல் ஃப்ரீமாண்டிலில் பிறந்து, ஆசிரியராகவும் பின்னர் வழக்கறிஞராகவும் இருந்தவர்; 2/11ஆம் பட்டாலியனில் கம்பெனித் தலைவராக வட ஆப்பிரிக்காவிலும் கிரேக்கத்திலும் கிரீட் தீவிலும் போரிட்டவர். கிரீட் வீழ்ந்த பிறகு சரணடையாமல் மாதக்கணக்கில் மறைந்து வாழ்ந்து, நீர்மூழ்கிக் கப்பலில் எகிப்துக்குத் தப்பினார். தைரியம் குறையாமலேயே ஒரு படை தோற்க முடியும் என்பதைத் தன் கண்ணால் கண்ட மனிதர் அவர்.

ஆகஸ்ட் 26 அன்று இசுராவாவில் தாக்குதல் தொடங்கியது. பலமான அடி 'பி' கம்பெனியின் மீதுதான் விழுந்தது. அவர்கள் இடத்தை விடவில்லை. பிரிகேடியர் பாட்ஸின் 2/14ஆம் பட்டாலியன் உதவிக்கு வந்து சேர்ந்தபின் 39ஆம் பட்டாலியன் கீழே இறங்கியிருக்கலாம். ஹானர் தன் ஆட்களோடு அங்கேயே இருந்தார். நோயாலும் காயத்தாலும் பின்னால் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த முப்பது பேரில் 27 பேர், நண்பர்கள் நெருக்கடியில் இருப்பதைக் கேள்விப்பட்டதும் மலையேறித் திரும்பி வந்தார்கள். வராத மூவரில் ஒருவருக்குப் பாதம் இல்லை, இன்னொருவரின் தொண்டையில் குண்டு இருந்தது, மூன்றாமவரின் முன்கை சிதைந்திருந்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அந்த மலையிலிருந்து அவர்கள் பின்வாங்கத்தான் நேர்ந்தது. ஆனால் டிசம்பரில் கோனா கடற்கரையில் அதே பட்டாலியனை மீண்டும் வழிநடத்தினார் ஹானர். டிசம்பர் 7 அன்று விமானக் குண்டுவீச்சு இலக்குத் தவறி எதிரியை எச்சரித்துவிட்டதால், திட்டமிட்ட தாக்குதலை அவர் நிறுத்தினார். மறுநாள், மண்ணுக்குள் புதைந்தபின் வெடிக்கும் பீரங்கிக் குண்டுகள் இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே ஆட்களை முன்னேற வைத்தார். 9ஆம் தேதி கோனா விழுந்தது. வீண் சாவைத் தவிர்ப்பதற்கும் வேண்டிய அபாயத்தை ஏற்பதற்கும் வேறுவேறு மனிதர்கள் தேவையில்லை என்பதை இந்த இரண்டு நாட்கள் காட்டுகின்றன.

பின்னர் அவர் 2/14ஆம் பட்டாலியனுக்குத் தலைமையேற்று 1943இல் ராமு பள்ளத்தாக்கில் படுகாயமடைந்தார், போருக்குப் பின் அயர்லாந்தில் ஆஸ்திரேலியத் தூதராக இருந்தார், 1994இல் மறைந்தார். 39ஆம் பட்டாலியனையோ 1943 ஜூலையிலேயே ராணுவம் கலைத்துவிட்டது. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1943 ஜனவரியில், எஞ்சியிருந்த 32 பேர் விமானத் தளத்தை நோக்கி அணிவகுத்து நடந்தார்கள். வழியில் நின்ற ஒருவர், "இது எந்தக் கும்பல்?" என்று கேட்டார். ஹானர் பேசாமல் நடந்தார். அணியின் கடைசியில் வந்த துணைத் தலைவர்தான் குரலை உயர்த்திப் பதில் சொன்னார்: "இது கும்பல் அல்ல. இது 39ஆம் பட்டாலியன்."