பாக்கு மென்றால் ஊதும் கருவி ஏமாறுமா?

"ரெண்டு பெக் போட்டாலும் பாக்கு மென்னுட்டு ஊதினா மெஷின்ல காட்டாது" என்று, வண்டி ஓட்டுபவர்களிடம் போலீஸ் நடத்தும் குடிபோதைச் சோதனை பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. காட்டும். பாக்கும் புதினாவும் வாய் நாற்றத்தைத்தான் மறைக்கும், ஆனால் கருவி மோந்து பார்ப்பதில்லை, ரத்தத்திலிருந்து நுரையீரல் வழியே மூச்சில் கலந்து வரும் ஆல்கஹாலை அளக்கிறது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக் கொப்பளித்த கையோடு ஊதினால் அளவு இன்னும் ஏறித்தான் காட்டும் (இதுவும் அந்தச் செய்தியில் இருக்கும் யோசனைதான்!). வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் வழக்கு. முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். சரி, ஊதவே மாட்டேன் என்றால்? தக்க காரணம் இல்லாவிட்டால், 205-ஆவது பிரிவின்படி அந்த மறுப்பே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம்.