அவன் கேட்டது பெடலைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை நம்ம சைக்கிள் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பெயர் சொல்லப்போவதில்லை. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு தம்பி, தனக்கு எந்த கிளிப்லெஸ் பெடல் (ஷூவின் அடியில் திருகிய கிளீட் என்ற துண்டைப் பூட்டிப் பிடிக்கும் பெடல்) தாங்கும், எந்த ஷூ சரியாக இருக்கும் என்று கேட்டான். அவ்வளவுதான் கேள்வி. வந்த பதில் என்ன? "முதல்ல உடம்பைக் குறை, அப்புறம் கிளீட் பத்தி யோசி." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சாயங்காலத்துக்குள் அவன் கேள்வியையே அழித்துவிட்டான்.

அவன் கேட்டது பெடலைப் பற்றி. அதற்குப் பதில் இருக்கிறது. தெரிந்தவர்கள் நம்ம குழுவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

பெடலில் நம் எடையைத் தாங்குவது அச்சு. குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் அச்சு போட்ட பெடல் வாங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஷிமானோ கம்பெனியின் எம்520 மாதிரி சாதாரண எஸ்பிடி (இரண்டு போல்ட் கிளீட்டைப் பிடிக்கும் வகை) பெடலில் இருப்பது அந்த அச்சுதான். எடை வரம்பு போடுவது பெரும்பாலும் டைட்டானியம் அச்சு வைத்த விலை உயர்ந்த பெடல்களில். 85 கிலோ, 90 கிலோ என்று அவற்றின் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். ஆக, கனமானவருக்கு ஏற்ற பெடல் கடையில் விலை குறைந்த வரிசையிலேயே கிடைக்கிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? திருமயம் பக்கம் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது மொத்த எடையும் ஒரே காலில் இறங்கும். ஹேண்டில்பாரை இழுக்கிற இழுப்பும் அதோடு சேரும். ஸ்டீல் அச்சு அதைத் தாங்கும். திருகும்போது மரையில் கிரீஸ் தடவி முழுசாக முடுக்க வேண்டும், இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். அரைகுறையாக முடுக்கினால் ஐம்பது கிலோ ஆளுக்கும் கிராங்க்கின் (பெடல் மாட்டும் கையின்) மரை போய்விடும்.

ஷூ விஷயம்தான் இதைவிடப் பெரிது. எஸ்பிடி கிளீட் ரொம்பச் சின்னது. அடிப்பாகம் வளைகிற ஷூவாக இருந்தால் முழு எடையும் அந்தச் சின்ன இடத்தில் அழுந்தி, ஒரு மணி நேரத்தில் பாதம் எரியும், விரல் மரத்துப்போகும். கார்பன் அடி வேண்டும் என்றில்லை, வளையாத நைலான் அடி போதும். பெடலிலும் எம்530 மாதிரி சுற்றிலும் சட்டம் உள்ளதாக வாங்கினால் ஷூவுக்குக் கூடுதல் பிடிமானம் கிடைக்கும். அடுத்தது அகலம். நீளத்தில் பெரிய நம்பர் போட்டால் அகலம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். காலை மேலே இழுக்கும்போது குதிகால் கழன்று வரும், கிளீட் வைக்க வேண்டிய இடமும் முன்னால் தள்ளிப்போகும். அகல அளவு என்று தனியாகவே செய்கிறார்கள், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் கேட்டுத்தான் வாங்கினேன். இங்கே காரைக்குடியில் கிடைக்காமல் வெளியூரில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "மேடத்துக்கு இது தாங்காது சார், எக்ஸர்சைஸ் சைக்கிள் காட்டட்டுமா?" என்றான். அச்சு என்ன உலோகம் என்று கேட்டேன். தெரியவில்லை. பெட்டியைப் பார்த்துச் சொல் என்றேன். பார்க்கவும் இல்லை. பெடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கு என் உடம்பைப் பற்றி மட்டும் எப்படித் தெரிந்தது? அன்றைக்கு நான் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதில்களைப் படித்தபோது அழுதேன்.

சரி, "கனமானவர் கிளீட்டோடு விழுந்தால் அடி பலமாக இருக்குமே" என்பீர்கள். இருக்கலாம். அதற்குத்தான் விடுபடும் இறுக்கத்தை ஆலன் கீயால் குறைத்து வைக்க முடிகிறது. ஷிமானோவின் எஸ்எச்56 என்ற கிளீட் போட்டால் குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினாலும் விடும், மேல்நோக்கித் திருகி இழுத்தாலும் விடும். எழுந்து நின்று பலமாக மிதிப்பவருக்குச் சில சமயம் தானாகவே கழன்றுகொள்ளும், அப்போது இறுக்கத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். முதலில் புல்தரையில் பழகச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். 1984இல் தன் கிளிப்லெஸ் பெடலைக் கொண்டுவந்த லுக் நிறுவனம் அதற்கு முன்னால் பனிச்சறுக்குப் பூட்டு செய்துகொண்டிருந்தது. மலைச்சரிவில் வேகமாக வந்து விழுகிற முழு மனிதனின் காலை விடுவிக்கிற பூட்டு அது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். காலைப் பிடிப்பதும் விடுவதும் அந்தப் பூட்டின் வேலை. அது யாரையும் எடைமெஷினில் ஏற்றிப் பார்ப்பதில்லை.

"பூட்டு இல்லாத ஃபிளாட் பெடல் போதுமே?" போதும். நானும் சந்தைக்குப் போக அதைத்தான் மிதிக்கிறேன். ஆனால் எழுபது கிலோ ஆள் இதே கேள்வியைக் கேட்டபோது யாராவது ஃபிளாட் பெடல் போதும் என்றீர்களா? கிளீட்டுக்கு மூன்று போல்ட்டா இரண்டு போல்ட்டா என்று ராத்திரி முழுக்கப் பேசினீர்களே! அதையும் சொல்லிவிடுகிறேன் தம்பி, இரண்டு போல்ட் எஸ்பிடியே வாங்கு. கிளீட் அடிப்பாகத்துக்குள் பதிந்து இருக்கும், இறங்கி நடக்கலாம். மூன்று போல்ட் பிளாஸ்டிக் கிளீட்டோடு ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் ஏறினால் வழுக்கும், அது யார் ஏறினாலும் வழுக்கும். தொடை கொஞ்சம் அகலமாக இருந்தால் கிளீட்டை உள்பக்கமாக நகர்த்து, பாதம் வெளியே தள்ளி வரும், முட்டிக்கு நல்லது. மழைக்காலத்தில் செம்மண் சேறு கிளீட்டில் காய்ந்துவிட்டால் கழற்றுவது கஷ்டம், வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடு.

"அக்கா, அக்கறையில்தான் சொன்னோம்" என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார்கள். இந்த அக்கறையை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பால்பணியாரம் வைக்க வந்த கை என் இலைக்கு மேலே வந்து நிற்கும், பக்கத்தில் ஒரு பெரியம்மா "அவளுக்கு எதுக்கு?" என்பார். புடவைக் கடையில், பஸ்ஸில், பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் எல்லாம் இதே அக்கறைதான். சைக்கிளில் ஏறியபிறகுதான் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்தது. விடியற்காலை கானாடுகாத்தான் ரோட்டில் யாரும் என்னை அளந்து பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். அந்தத் தம்பியும் அதற்காகத்தான் சேர்ந்திருப்பான். உடம்பைக் குறைக்க நினைத்தே அவன் வந்திருந்தாலும், வந்தவனிடம் குறைத்துவிட்டு வா என்பது எந்த ஊர் நியாயம்?

பதிவை எடுத்துவிடச் சொல்லி குழு நடத்துகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். எடுக்கமாட்டேன். அவன் கேள்விக்கு இதுவரை வந்த ஒரே பதில் இதுதான், அவன் படிக்கும்வரை இது இங்கேயே இருக்கும். தம்பி, என்னிடம் பழைய எம்520 ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, பேரிங் நன்றாக இருக்கிறது. வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள், கிளீட் பூட்டவும் நானே சொல்லித் தருகிறேன்.