இடது கையைக் கேட்டுப் பாருங்கோ

பியானோ வாசிச்சுப் பாடுற இங்கிலாந்துக்காரர் எல்ரன் ஜோனின் 'த டைவிங் போர்ட்' அல்பம் 2013 செப்டெம்பரில் வந்தது. போரால நிண்டுபோன யாழ்தேவி ரயில் கிளிநொச்சி மட்டும் திரும்பி வந்ததும் அதே மாதம்தான். அப்ப நாங்கள் எல்லாரும் கோச்சி பார்க்கப் போயிட்டம். அல்பம் என்ர கைக்கு வரக் கன காலம் எடுத்தது.

போன ஞாயிறு பூசை முடிய, கோயிலில என்னோட இசை வாசிக்கிற இரண்டு பெடியளுக்குப் போட்டுக் காட்டினன். மூண்டாவது பாட்டிலேயே ஒருத்தன், "என்னண்ணை, செத்தவீடு மாதிரிக் கிடக்கு. கிற்றார் எங்கை?" எண்டான். அவனில பிழை இல்லை. பழைய ரசிகர்கள் கனபேரும் அதைத்தான் கேட்டவை. விமர்சகர்களில் பலர் மறுபக்கம்: பகட்டெல்லாத்தையும் கழட்டி வைச்சிட்டார், கன வருசத்துக்குப் பிறகு திறமான அல்பம் எண்டு புகழ்ந்தவை.

எனக்கு அந்தப் புகழ்ச்சிதான் இடிக்குது. குறைவாக இருக்கிறதுக்கே மாலை போடுறதா? போர்க்காலத்தில பொருளாதாரத் தடை இருக்கேக்கை வன்னிக்குள்ள பற்றரி இல்லை. சித்தப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து றெக்கோர்டருக்குக் கரண்ட் போகும். கை களைச்சால் சுசீலாவின்ர குரல் ஆம்பிளைக் குரலாகும். அதை ஒருத்தரும் எளிமை எண்டு கொண்டாடேல்லை. வசதி இருந்திருந்தால் முழுச் சத்தத்தோடயும்தான் கேட்டிருப்பம்.

எல்ரனுக்கும் இது புதுசில்லை. 1970 இல அமெரிக்காவில முதல் மேடை ஏறேக்கையும் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூண்டுதான். இந்த அல்பத்திலயும் தயாரிப்பாளர் ரி போன் பேர்னெட் பெரும்பாலும் அந்த மூண்டையும் சுத்தித்தான் கட்டியிருக்கிறார். மாறினது குரல். 1987 இல தொண்டையில சத்திரசிகிச்சை செய்தபிறகு பழைய மேல்ஸ்தாயி இல்லை. 66 வயசுக் குரல் கீழ இறங்கி நிக்க இடம் வேணும். சுத்திவர இருந்ததுகளை எடுத்துவிட்டதால அந்த இடம் கிடைச்சிருக்கு. கழட்டினதுக்குப் பிறகு என்ன கேக்குது எண்டதுதான் கதை.

எனக்குக் கேட்டது இடது கை. கோயில் கீபோர்ட்டில வாசிச்சுப் பார்த்தன். எங்களுக்கு 61 கட்டை, பியானோவுக்கு 88. அவர் அடியில போற இடத்தில என்ர இடது கைக்குக் கீழ பிளாஸ்ரிக் விளிம்புதான் வருது. ஒக்டேவ் பட்டனை அமத்தினால் அடி வரும், மேல்பக்கம் போயிடும்.

குறையும் இருக்கு. 15 உருப்படி, அதில மூண்டு சின்னப் பியானோத் துண்டுகள். ஆறுதலான பாட்டுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. நாலை வெட்டியிருக்கலாம். மெட்டு மனசில நிக்கேல்லை எண்டு சொன்னவைக்கு அதில பாதி நியாயம் இருக்கு.

ஆனால் முதல் பாட்டை, 'ஓஷன்ஸ் அவே'யை, வெட்ட விடமாட்டன். பியானோவும் குரலும் மட்டும். போருக்குப் போனவையையும் திரும்பி வராதவையையும் பற்றி, போருக்குப் போய்வந்த தன்ர தகப்பனை நினைச்சு, எல்ரனுக்குப் பாட்டு வரியள் எழுதுற பேர்னி ரோபின் எழுதினது. கிற்றார் கேட்ட பெடியனுக்கு வரியளைத் தமிழில சொன்னன். ஒண்டும் பேசேல்லை. வெளிக்கிடேக்கை போனை நீட்டினான், அந்த ஒண்டை மட்டும் அனுப்பிவிடட்டாம். மிச்சம் வேண்டாமாம்.