22 வயதில் ஒருவன் கிழவனா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட். 2025 டிராஃப்ட்டுக்கு முன்னால் டாலஸ் ரசிகர்கள் நாம் விளையாட்டாக நடத்திய மாதிரி டிராஃப்ட்டில் நடந்தது அங்கே இருந்தவர்களுக்கும் வீடியோவில் பார்த்தவர்களுக்கும் தெரியும். என் முறை வந்தபோது ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் வால்டர் கிளேட்டன் ஜூனியர் பெயரைச் சொன்னேன். "அண்ணே, அவனுக்கு 22 ஆயிடுச்சு. கிழவன். இனிமே அவன்கிட்ட வளர என்ன இருக்கு?" என்றார் ஒரு தம்பி. எல்லோரும் சிரித்தீர்கள். அங்கே நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். கல்லூரியில் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆடி, தன்னால் என்ன முடியும் என்று காட்டிவிட்டு வருகிறவனை, அந்த ஆண்டுகளையே குற்றமாகச் சொல்லித் தள்ளுவது அநியாயம். அணிக்கும் அது நஷ்டம்.

கிளேட்டன் என்ன செய்தான்? ஐயோனா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு, ஃப்ளோரிடாவில் இரண்டு ஆண்டு ஆடியவன். 2025 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் நடந்த கல்லூரி சாம்பியன்ஷிப்பில், ஆபர்னுக்கு எதிரான அரையிறுதியில் 34 புள்ளிகள். ஹூஸ்டனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் அணி 12 புள்ளிகள் பின்தங்கிக் கிடந்தது. அப்படியிருந்தும் கடைசி நொடிகளில் 65-63 என்று ஃப்ளோரிடா முன்னால் நிற்கிறது. ஹூஸ்டன் வீரர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு எழும்புகிறார். கிளேட்டன் பாய்ந்து வந்து முகத்துக்கு நேரே கையை நீட்டுகிறான். எறிந்தால் பந்து அந்தக் கையில்தான் படும். அவர் காற்றிலேயே பந்தைக் கீழே விட்டுவிடுகிறார். தானே மறுபடி தொட்டால் டிராவலிங் என்ற விதிமீறல் என்பதால் தொட முடியாமல் பக்கத்திலேயே நிற்கிறார். பந்து துள்ளுகிறது, நேரம் முடிகிறது. தன் ஷாட் விழாத நாளிலும் ஆட்டத்தை எங்கே ஜெயிக்கலாம் என்று தெரிந்தவன் செய்கிற வேலை அது. நான்கு வருஷம் ஆடாமல் அது வருமா?

2018 ஜூன் டிராஃப்ட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபிலடெல்பியா பத்தாவது தேர்வில் மிக்கல் பிரிட்ஜஸை எடுத்தது. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை சாம்பியன், ஊர்ப் பையன், அவருடைய அம்மா அந்த அணியை நடத்தும் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். குடும்பமே சந்தோஷத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரத்தில் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஸையர் ஸ்மித்தை வாங்கினார்கள். கூடவே மயாமியின் 2021 முதல் சுற்றுத் தேர்வும், அதாவது அந்த ஆண்டு அவர்கள் இடத்தில் ஒரு வீரரை எடுக்கும் உரிமையும், கிடைத்தது. ஸ்மித்துக்கு 19 வயது, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு, அபாரமாக எகிறுவார். கால் எலும்பு முறிவு, உணவு ஒவ்வாமை என்று அந்தப் பையன் பட்ட கஷ்டம் பெரியது. அதற்கு அவர்மேல் பழி போட மாட்டேன். மொத்தம் 13 என்.பி.ஏ. ஆட்டங்களோடு முடிந்துபோனார். பிரிட்ஜஸ் 2025 வரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. 2024இல் அவரை வாங்க நியூயார்க் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள் கொடுத்தது.

அதே டிராஃப்ட்டில் ஜேலன் பிரன்சன் 33ஆவது தேர்வு. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர், இரண்டு முறை சாம்பியன், ஆனாலும் இரண்டாம் சுற்று. குள்ளம், வேகம் போதாது, மூன்று வருஷம் படித்துவிட்டான், இதுதான் உச்சம் என்றார்கள். நம் டாலஸ் எடுத்தது. 2022 பிளேஆஃப் சுற்றில் நம் நட்சத்திரம் டான்சிச் காயத்தோடு உட்கார்ந்திருக்க, யூட்டாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்துக்கு என் மகனோடு போயிருந்தேன். பிரன்சன் 41 புள்ளிகள், ஒரு முறைகூடப் பந்தைப் பறிகொடுக்கவில்லை. உள்ளே நுழைவார், இரண்டு காலையும் ஊன்றி நிற்பார், எறிவது போலக் காட்டுவார். தடுப்பவன் எகிறிவிடுவான். இவர் ஒரு காலை அச்சாக வைத்துத் திரும்பி, நிதானமாகப் பந்தைப் போடுவார். யாரையும் தாண்டிக் குதித்ததில்லை. வில்லனோவாவில் செய்ததை அப்படியே செய்தார், அவ்வளவுதான். அந்தக் கோடையிலேயே அவரை நியூயார்க்குக்கு விட்டுவிட்டோம். அந்த வலி நம் யாருக்கும் இன்னும் போகவில்லை. அப்படியிருக்க நான்கு ஆண்டுகள் ஆடிய ஒரு சீனியரைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனசு வருகிறது?

சிகாகோவில் ஒவ்வொரு மே மாதமும் டிராஃப்ட்டுக்கு வருகிறவர்களை அளக்கிறார்களே, கை நீளம், எட்டும் உயரம், குதிக்கும் உயரம், எல்லாம் தேவைதான். ஆனால் 2007இல் அப்படியொரு சோதனையில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டுரன்ட்டால் 185 பவுண்டு எடையை ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. டெஸ்மண்ட் பேனுக்கு இரு கைகளையும் விரித்த நீளம் உயரத்தைவிடக் குறைவு, டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் வேறு. 2020இல் 30ஆவதாகத்தான் போனார். 2025 ஜூனில் ஆர்லாண்டோ அவருக்காக எத்தனை முதல் சுற்றுத் தேர்வுகள் கொடுத்தது? நான்கு. அதே 2020இல் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காக மூன்றே ஆட்டம் ஆடிய வைஸ்மன் இரண்டாவது தேர்வு. மூன்று ஆட்டத்தில் எதைப் பார்த்தார்கள்? உயரத்தைப் பார்த்தார்கள், மீதியைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

உடனே சிலர் வருவீர்கள். "அப்போ கூப்பர் ஃப்ளாகை விட்டுடலாமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? முதல் தேர்வு எந்த அணிக்கு என்று குலுக்கும் லாட்டரி 1.8 சதவீத வாய்ப்பில் நமக்கு விழுந்து, ஃப்ளாக் கைக்கு எட்டிய அன்று உங்களைவிட அதிகம் கத்தியவன் நான். 18 வயதிலேயே எல்லாம் தெரிந்தவனை முதலில் எடுங்கள். என் பேச்சு 15ஆவதுக்குப் பிறகு வரும் தேர்வுகளைப் பற்றியது. அங்கே உங்களுக்கு இன்னொரு ஃப்ளாக் கிடைக்கப்போவதில்லை.

"சீனியர்கள் சின்னப் பையன்களை அடித்துத்தான் எண்ணிக்கை சேர்க்கிறார்கள்." ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். கோவிட் காலத்தால் கிடைத்த கூடுதல் ஆண்டு, வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், 2021க்குப் பிறகு வீரர்களுக்கு வரும் பணம் எல்லாம் சேர்ந்து, இன்று கல்லூரி அணிகள் முழுக்க 22, 23 வயதுக்காரர்கள்தான். கிளேட்டன் ஜெயித்தது அவர்களை.

"ஜிம்மர் ஃப்ரெடெட் என்ன ஆனார்?" சரி, நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடிய அவர் என்.பி.ஏ.வில் நிலைக்கவில்லை. ஆனால் அவர் பத்தாவதாகப் போன அதே 2011இல்தான், பின்னாளில் நட்சத்திரங்களான ஜிம்மி பட்லர் 30ஆவது, ஐசையா தாமஸ் கடைசித் தேர்வான 60ஆவது. ஜூனியர் காலேஜில் ஒன்று, மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் மூன்று என்று பட்லரும் நான்கு ஆண்டுகள் ஆடியவர். தாமஸ் மூன்று. ஃப்ரெடெட்டை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு இவர்களை மறப்பது எப்படி?

பணக் கணக்கும் பாருங்கள். முதல் சுற்று ஒப்பந்தம் நான்கு ஆண்டு: இரண்டு உறுதி, அடுத்த இரண்டு அணியின் விருப்பம். 22இல் எடுத்தால் 26 வரை, அவன் நன்றாக ஆடும் வயதில், குறைந்த சம்பளத்தில் உங்களோடு இருப்பான். 19இல் எடுத்தால் கற்றுக்கொடுப்பது நீங்கள், பலன் பெறுவது அடுத்த அணி.

இவ்வளவு ஏன் சூடாகப் பேசுகிறேன் என்று கேட்பீர்கள். எனக்கு 47 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் ஆரம்பத்திலிருந்து கட்டிய ஒரு சிஸ்டத்துக்குத் தலைமைப் பொறுப்பு காலியானது. "உங்க வேலையில ஒரு குறையும் இல்ல, ஆனா வளர இடம் இருக்கிற ஆளாப் பார்க்கிறோம்" என்று சொல்லி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். வந்த பையன் நல்லவன். அவனுக்கு அந்த சிஸ்டத்தைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். இரவு இரண்டு மணிக்கு அது விழுந்தால் இன்றும் என் போன்தான் அடிக்கிறது. செய்து காட்டியதற்கு மதிப்பில்லை, செய்யக்கூடும் என்பதற்குத்தான் மதிப்பு என்றால், ஒரு மனுஷன் எதற்கு உழைக்க வேண்டும்? வீட்டில் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அன்று அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எல்லாம் மேலே வந்துவிட்டது. அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் "கிழவன்" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள்.

2025 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் ஓக்லஹோமா சிட்டியில் நடந்தது. ஒரு பக்கம் டி.ஜே. மக்கானல், இன்னொரு பக்கம் அலெக்ஸ் கருசோ. இருவரும் நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடியவர்கள். இருவரையும் டிராஃப்ட்டில் ஒரு அணிகூட எடுக்கவில்லை. ஆண்ட்ரூ நெம்ப்ஹார்ட் நான்கு ஆண்டுகள், 31ஆவது தேர்வு. ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் சான்டா கிளாராவில் மூன்று ஆண்டுகள். அந்தத் தொடரைத் திரும்பப் பார்க்கும்போது யாருக்கு எத்தனை வயதில் இடம் கிடைத்தது என்று கொஞ்சம் கவனியுங்கள்.

கிளேட்டன் சரிவர மாட்டான் என்று நினைத்தால் தாராளமாக எழுதுங்கள். எந்த ஆட்டத்தில், யாரைத் தடுக்க முடியாமல் திணறினான், எந்தப் பாஸைத் தவறவிட்டான் என்று சொல்லுங்கள். உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பதில் சொல்கிறேன்.