குக்கரை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

போன வாரமும் ஒரு போன். சொந்தக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வருகிறார். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, க்ரூகர் காட்டில் மூன்று நாள், அப்புறம் கேப் டவுன், கடைசியில் விக்டோரியா அருவி. நல்ல திட்டம்தான். எல்லாம் பேசி முடித்தபின் வழக்கமான கேள்வி வந்தது. "தம்பி, அங்க நம்ம சாப்பாட்டுக்கு என்ன வழி? உப்புமா மிக்ஸ், புளிக்காய்ச்சல் எல்லாம் எடுத்துக்கிட்டு வரோம். சின்ன குக்கரும் வெச்சுக்கட்டுமா?"

ஏழு வருடமாக இங்கே தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன். எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மனதில் இருப்பதை இந்த முறை எழுதியே விடுகிறேன்.

ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதிக்கு வந்து, இந்த ஜனங்கள் சாப்பிடுவதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பாதி ஊரைப் பார்க்காமலே போகிறார்கள். அதிலும் களியும் கூழும் குடித்து வளர்ந்த எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் அப்படிப் போனால் எனக்கு மனசு கேட்பதில்லை. இங்கே நம் பாட்டி வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. அதைப் பார்க்காமல் அறையில் உட்கார்ந்து உப்புமா கிண்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பகுதி முழுக்க ஒரே சாப்பாடுதான் முக்கியம். வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டிக் கெட்டியாக இறக்குவது. நாட்டுக்கு நாடு பெயர் மட்டும் மாறும். தென்னாப்பிரிக்காவில் பாப், ஜிம்பாப்வேயில் சட்சா, ஜாம்பியாவில் ன்ஷிமா, மொசாம்பிக்கில் ஷீமா. சாப்பிடுவதற்கு முன் ஒரு சொம்பில் தண்ணீரும் ஒரு தட்டும் கொண்டுவந்து கையில் ஊற்றுவார்கள், பெரியவர்களுக்கு முதலில். பிறகு வலது கையால் ஒரு பிடி கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி போட்டு, கீரையையோ குழம்பையோ அள்ளி வாயில் போட வேண்டும். முள் கரண்டி கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் நீங்கள் கையை நீட்டினால் கொண்டுவந்தவரின் முகமே மாறிவிடும். அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அம்மா வந்திருந்தார். லிம்போபோ ஆற்றைத் தாண்டி ஜிம்பாப்வேக்குள் காரிலேயே போனோம். ஓர் எல்லைச் சாவடியில் ஐந்து மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள். மஸ்விங்கோ என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குத் தலைவலி, பசி. மறுநாள் பெரிய ஜிம்பாப்வே கற்கோட்டையைப் பார்த்தோம். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர், சில இடங்களில் 11 மீட்டர் உயரம். 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை கட்டியது. நாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அம்மா இன்றைக்கும் பேசுவது அந்தக் கோட்டையைப் பற்றி இல்லை. திரும்பும் வழியில் சாப்பிட்ட சாலையோரச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி.

தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, பின்பக்கம் விறகடுப்பு. மூன்று கால் வைத்த கறுப்பு இரும்புப் பானை. கடைக்கார அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். என்ன இருக்கிறது என்று கேட்டேன். வெள்ளை சட்சாவும் இருக்கிறது, ரபோகோ சட்சாவும் கிண்டப் போகிறேன் என்றார். ரபோகோ என்றால் கேழ்வரகு. அம்மா அதற்குள் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டார். அந்தப் பழுப்பு மாவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "டேய், இது நம்ம ராகிடா."

அவர் கிண்டுவதை அம்மா கண் எடுக்காமல் பார்த்தார். முதலில் கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிநீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சுகிறார். மூடி போட்டுக் கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுகிறார். அதன் பிறகுதான் மீதி மாவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, முகோட்டி என்கிற தட்டையான மரக்கட்டையால் பானையின் பக்கத்தில் வைத்து அழுத்தி அழுத்திக் கிண்டுகிறார். நாங்கள் உலை கொதிக்கையில் நொய் போட்டு, வெந்ததும் மாவை மொத்தமாகக் குவித்து வேகவிட்டுக் கிண்டுவோம். "இவங்க முதல்லயே கரைச்சு ஊத்துறாங்க பாரு, அதான் கட்டி தட்டல" என்றார் அம்மா. அப்புறம் கையை நீட்டினார். கடைக்காரம்மாள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கட்டையைக் கொடுத்தார். அம்மா காலை அகட்டி வைத்து நின்று, இரண்டு கையாலும் பிடித்துக் கிண்ட ஆரம்பித்ததும் அந்த அம்மாள் "அம்பூயா! அம்பூயா!" என்று கைதட்டிச் சிரித்தார். அம்பூயா என்றால் ஷோனா மொழியில் பாட்டி. இந்தியாவில் ரபோகோ இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். "அதைத் தின்னுதான் நாலு புள்ளைங்கள வளத்தேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் தேவைப்படவே இல்லை.

தொட்டுக்கொள்ள நிலக்கடலை அரைத்து விட்ட பூசணி இலைக் கீரை. கூடவே வறுத்த கபென்டா, அதாவது கரீபா ஏரியில் இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கும் பொடி மீன், காயவைத்தது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் நெத்திலிக் கருவாடு என்றே சொல்வீர்கள். அம்மா பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்து அந்த அம்மாளுக்கு ஒரு துண்டு வைத்தார். அவர் சட்சாவோடு சேர்த்துத் தின்றுவிட்டு, தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார். கிளம்பும்போது பாட்டிலையே கொடுத்துவிட்டு வந்தோம்.

அம்மாவின் கைக்கு அந்த மாவு தெரிந்திருந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் முதலில் பயிரானது. சோளம் சூடான் பக்கத்துப் பயிர். கம்பு சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்பே விதைத்து அறுத்த தானியம். நம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழ் இருக்கிறதே, அந்தக் கம்பும் கேழ்வரகும் இந்தக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி நம்மிடம் வந்தவை. நமீபியாவின் வடக்கே ஒவாம்போ மக்கள் இன்றைக்கும் மஹாங்கு என்று கம்பைத்தான் பயிர் செய்து, இடித்துக் களி கிண்டுகிறார்கள். போட்ஸ்வானாவில் சோள மாவைப் புளிக்க வைத்து டிங் என்று ஒரு கஞ்சி காய்ச்சுகிறார்கள். முதல் வாய் வைத்ததும் ஆடி மாத ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

"நாங்க சைவம், எங்களுக்கு அங்க என்ன இருக்கு" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். இறைச்சி அதிகம் தின்னும் பகுதிதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழை வீட்டுச் சாப்பாடு எங்கேயும் கீரையும் பயறும்தான். முளைக்கீரை, தட்டைப்பயறு இலை, பூசணி இலை எல்லாம் இங்கே அன்றாடம். ஜாம்பியாவில் கீரையை இடித்த கடலையோடு வேகவைத்து இஃபிசாஷி என்பார்கள். உடைத்த மக்காச்சோளமும் பயறும் சேர்த்து மணிக்கணக்காக வேகவைப்பது ஒன்று உண்டு, தென்னாப்பிரிக்காவில் உம்ன்குஷோ என்று பெயர், நெல்சன் மண்டேலாவுக்குப் பிடித்த சாப்பாடு. இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மொசாம்பிக்கின் மட்டாப்பாவில் பெரும்பாலும் இறால் இருக்கும், கேட்டால் இல்லாமலும் செய்து தருவார்கள். மரவள்ளி இலையை உரலில் இடித்து, கடலை, தேங்காய்ப்பால் விட்டு நெடுநேரம் வேகவைப்பது அது. எங்கள் பக்கம் ஜவ்வரிசிக்காக ஏக்கர் ஏக்கராக மரவள்ளி போடுகிறோம், இலையை ஆட்டுக்குப் போடக்கூட யோசிப்போம். நன்றாக இடித்து நெடுநேரம் வேகவைத்தால் இலையில் இருக்கும் நஞ்சு போய்விடும் என்பது இங்கே சமைக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் போனால் அங்கே கட்டுதுரா பகுதியின் திறந்தவெளிச் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். தொங்குகிற மாட்டுத் தொடையிலிருந்து கீற்றுக் கீற்றாக அறுத்து அப்படியே கம்பி வலையில் போடுகிறார்கள். வெந்த துண்டுகளைப் பக்கத்திலேயே நறுக்கித் தள்ளுகிறார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொடியில் தோய்த்து, நறுக்கிய தக்காளி வெங்காயத்தோடு நின்றபடி தின்ன வேண்டும். கபானா என்று பெயர். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை ஒன்றும் கூட வாங்கிக்கொள்வார்கள். கட்டுதுரா என்ற பெயருக்கு ஹெரேரோ மொழியில், நாங்கள் வாழ விரும்பாத இடம் என்று பொருள். பழைய குடியிருப்பிலிருந்து கறுப்பின மக்களை அங்கே துரத்தப் பார்த்தபோது அவர்கள் எதிர்த்தார்கள். 1959 டிசம்பர் 10 அன்று போலீஸ் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். இன்று அந்தக் கட்டுதுராவில்தான் ஊரின் நல்ல சாப்பாடு கிடைக்கிறது. அங்கே போய்ச் சாப்பிடும்போது இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மோபானே புழுவைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். மோபானே மரத்து இலையைத் தின்று வளரும் பெரிய கம்பளிப்புழு. குடலைப் பிதுக்கி எடுத்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து விற்கிறார்கள். போட்ஸ்வானாவின் 5 புலா நாணயத்திலேயே அதன் படம் இருக்கிறது, அவ்வளவு மதிப்பு. அருவருப்பாகச் சிலர் முகம் சுளிக்கும்போது எனக்குக் கோபம் வரும். மழை விட்ட மறுநாள் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, சிறகு புடைத்து, பொரி அரிசியோடு வறுத்துத் தின்ற ஊர் நம்முடையது. இங்கேயும் முதல் மழைக்கு ஈசல் பிடிக்கிறார்கள். ஷோனாவில் அதற்குப் பெயர் இஷ்வா. எங்கள் பாட்டி இருந்திருந்தால் இவர்களோடு உட்கார்ந்து சிறகு புடைத்திருப்பார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் தனிக் கதை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை அங்கே இறக்கியது. 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌ அங்கே பிறந்ததுதான். ஆனால் என்னைக் கலங்க வைத்தது வேறு. ஒரு வீட்டில் மாரியம்மன் பூசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போரிட்ஜ் பிரேயர் என்கிறார்கள் இப்போது. அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் பேச வரவில்லை. மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, வெங்காயம் கிள்ளிப் போட்டு, வேப்பிலை கட்டிய பானையிலிருந்து ஊற்றினார்கள். அதை மட்டும் "கூழ்" என்று, ழகரம் பிசகாமல் சொன்னார் அந்த வீட்டுப் பெரியம்மா.

ஒரு வருத்தமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மக்காச்சோளம் இங்கே கம்பையும் சோளத்தையும் கேழ்வரகையும் ஓரம் கட்டிவிட்டது, நம் ஊரில் ரேஷன் அரிசி செய்த மாதிரியே. மக்காச்சோளத்துக்குச் சரியான நேரத்தில் மழை வேண்டும். 2024 தொடக்கத்தில் மழை பொய்த்தபோது ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே மூன்றும் தேசியப் பேரிடர் அறிவித்தன. அந்த வருடம் காய்ந்து நின்ற காடுகளைக் காரில் போகும்போது பார்த்தேன். சாலையோரக் கடையில் ரபோகோ சட்சா கேட்டு வாங்கித் தின்பவன் ஒருவன் கூடினால், அதை விதைக்கிற ஒருவருக்கு ஒரு காரணம் கூடும். பயணம் வருகிற நாம் செய்யக்கூடியது அது.

சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன். விக்டோரியா அருவிக்கு விமானம் வேண்டாம், மஸ்விங்கோ வழியாகக் காரில் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் நெடும்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை பட்கோஸ் என்பார்கள், நம் கட்டுச்சோறேதான். அவித்த முட்டை, பொரித்த கோழி, காய்ந்த இறைச்சி எல்லாம் நானே கட்டிவிடுவேன். குக்கரும் மிக்ஸ் பாக்கெட்டும் வேண்டாம். எலுமிச்சை ஊறுகாய் மட்டும் ஒரு பெரிய பாட்டில் எடுத்து வரச் சொன்னேன். அந்தக் கடையைத் தாண்டித்தான் போவோம்.