புகார் சொல்பவரே தீர்ப்பும் சொல்லலாமா?

ராணுவத்தில் கிளார்க்காக வேலை பார்த்தவன் நான். சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது சிப்பாய்களைச் சுருக்கமாக விசாரித்துத் தண்டிக்கும் ராணுவ நீதிமன்றம், நடத்திய விசாரணைகளை என் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் ஒரு நாள் இன்னும் மனதை அறுக்கிறது.

பக்கத்து மாவட்டத்துப் பையன், பன்னிரண்டு வருட சர்வீஸ். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஊருக்குப் போனவன், விடுப்பு முடிந்து ஐம்பது நாள் கழித்துத்தான் திரும்பினான். தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி, காவலோடு உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார் படைப்பிரிவின் தலைவரான கமாண்டிங் ஆபீசர். "யெஸ் சார்" என்றான். அந்த நாற்காலியிடம் வேறு பதில் சொல்லி அவனுக்குப் பழக்கமே இல்லை. ராணுவச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, "போதிய காரணமின்றி" விடுப்பைத் தாண்டித் தங்கினால்தான் குற்றம். காரணத்தை யாரும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் டிஸ்மிஸ். சாயங்காலம் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்றே வருடம் இருந்தது.

கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில்லறைத் தவறுகளுக்கு 80-ஆம் பிரிவு இருக்கிறது. 28 நாள் வரை காவலில் வைக்கலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சம்மரி கோர்ட் மார்ஷலில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். உடன் உட்காரும் இருவருக்குத் தீர்ப்பில் வாக்கு கிடையாது. வக்கீல் பக்கத்தில் இருந்து யோசனை சொல்லலாம், வாய் திறந்து வாதாட முடியாது. லெப்டினன்ட் கர்னல் என்றால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை கொடுக்கலாம். பொதுவாக மேலிட ஒப்புதல்கூடத் தேவையில்லை, தண்டனை உடனே நிறைவேறும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரன் இந்தியச் சிப்பாய்க்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது. விமானப்படைச் சட்டத்தில் இந்த வகை நீதிமன்றமே இல்லை. அங்கே கட்டுப்பாடு குலைந்தா போயிற்று?

ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் படித்துப் பாருங்கள். மேலதிகாரிகளுக்கு நேரடியாகப் புகார் எழுதியதற்காக 28 நாள் தண்டனை பெற்ற சிக்னல்மேன் (தகவல்தொடர்புப் பிரிவுச் சிப்பாய்) அவர். தண்டனைக் காலத்தில் "சாப்பிடு" என்ற உத்தரவுக்குப் பணியவில்லை என்று அடுத்த குற்றச்சாட்டு. ஓராண்டுக் கடுங்காவல், டிஸ்மிஸ். சோறு உண்ணாததற்கு! அவர் யார்மீது புகார் எழுதினாரோ, அதே அதிகாரி அந்த விசாரணையில் உட்கார்ந்திருந்தார். 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உடனடி நடவடிக்கை தவிர்க்கவே முடியாதபோது மட்டும்தான் சம்மரி கோர்ட் மார்ஷலைக் கையாள வேண்டும் என்று 2016-இலும் அதே நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

விடுப்பு முடிந்து தானாகத் திரும்பி வந்து நிற்பவனிடம் என்ன அவசரம்? அவனை மாவட்ட கோர்ட் மார்ஷலுக்கு அனுப்புங்கள். குறைந்தது மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து கேட்கட்டும். அவனுடைய வக்கீல் பேசட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடந்திருந்தால் முதலில் விசாரணை ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கும் இடத்தில் அவன் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்மிஸ் அல்லது மூன்று மாதத்துக்கு மேல் சிறை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது. தாமதிக்காதீர்கள்.