மோதிரத்தை மட்டும் எண்ணாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் தலைசிறந்த குவாட்டர்பேக் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்) யார் என்று பேச்செடுத்தாலே எரிச்சல்தான் வருகிறது. சூப்பர் பௌல் என்கிற இறுதிப்போட்டியை வென்றவர்களுக்குத் தரும் மோதிரம் டாம் பிராடிக்கு 7, ஜோ மொன்டானாவுக்கு 4, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்கிறார்கள். சரி, சூப்பர் பௌலே 1967 ஜனவரியில்தானே தொடங்கியது? அதற்கு முன் ஆடியவர்களெல்லாம் கணக்கிலேயே இல்லையா?

ஓட்டோ கிரஹாம் 1946 முதல் 1955 வரை கிளீவ்லண்ட் பிரௌன்ஸுக்கு 10 சீசன் ஆடினார். பத்திலும் அணி இறுதிப்போட்டிக்குப் போனது, 7 முறை பட்டம். 1954 இறுதியில் டெட்ராய்ட் லயன்ஸை 56-10 என்று நொறுக்கியபோது மூன்று டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டி எடுக்கும் புள்ளிகள்) பந்தை வீசினார். இன்னும் மூன்றைத் தானே ஓடிப்போய் எடுத்தார். இதைவிட என்ன வேண்டும்?

முதல் 4 பட்டம் வேறு லீக்கில் வாங்கியதாம், செல்லாதாம். இன்று சூப்பர் பௌல் நடத்தும் லீக்கான என்எஃப்எல்லுக்கு வந்த முதல் வருடமே, 1950-ல், அங்கேயும் பட்டத்தைத் தட்டிச்சென்ற அணி ஐயா அது!